முன்னாலேயே விடுங்கள் என்று கத்தியவர்களில் நானும் ஒருவன்

2018-இல் மெல்பர்னின் ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கி எம்.சி.ஜி. மைதானத்துக்கு நடக்கும்போது, காலிங்வுட் ஃபுட்டி கிளப்பின் கறுப்பு வெள்ளை மஃப்ளர் போட்ட யாரிடம் வேண்டுமானாலும் ஒரே ஒரு கேள்வியைப் போட்டால் போதும், மைதானத்தின் வாசல் வரை பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. "டார்சி மூரைப் பின்னால் போட்டது சரியா?" அவ்வளவுதான். கோல் போடும் முன்வரிசையிலிருந்து அந்தப் பையனைத் தடுப்பு வரிசைக்கு மாற்றியதைத்தான் கேட்கிறோம். முன்பின் தெரியாத ஆள் நின்று, கையை ஆட்டி, பையனின் கால், கோச்சின் மூளை, கிளப்பின் தலையெழுத்து எல்லாவற்றையும் அலசிவிட்டுத்தான் நம்மை விடுவார். நானும் அப்படி அலசியவன்தான். சத்தமாகவே அலசினேன். எதற்காக அவ்வளவு சத்தம் போட்டேன் என்று இன்றைக்கு யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்திரேலிய ஃபுட்டி பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர். ஆஃப்சைடு கிடையாது, யாரும் எங்கேயும் ஓடலாம். நடு இரண்டு கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி. அதற்குப் பக்கத்து இடைவெளியில் போனால் ஆறுதல் பரிசாக 1. யாராவது உதைத்து 15 மீட்டராவது வந்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவரை யாரும் தொடக் கூடாது, நிதானமாக உதைக்கலாம். ஆகவே உயரமாக இருந்து, எகிறிப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இங்கே மதிப்பு அதிகம். அவன் கோல் பக்கம் நின்றால் இன்னும் அதிகம்.

மூர் 203 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் இருப்பவர்கள் பொதுவாக ஒட்டகம் போல ஓடுவார்கள். இவர் அப்படி இல்லை, குட்டையான ஆட்களோடு போட்டி போட்டு ஓடக்கூடியவர். அதற்கு மேல் பரம்பரை வேறு. அப்பா பீட்டர் மூர், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கத்தை 1979-இல் காலிங்வுட்டுக்கு ஆடியபோதும் 1984-இல் மெல்பர்ன் கிளப்புக்கு ஆடியபோதும் வாங்கியவர். ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடியவரின் மகனை அந்தக் கிளப்பே முதலில் கேட்டு வாங்கிக்கொள்ள இங்கே ஒரு விதி உண்டு. அப்படித்தான், கிளப்புகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014-இல் 9-ஆவது தேர்வாக டார்சி காலிங்வுட்டுக்கு வந்தார். அப்பாவின் 30-ஆம் நம்பர் சட்டையையே மாட்டிக்கொண்டார். சட்டையோடு எதிர்பார்ப்பும் சேர்ந்தே வந்தது. அடுத்த பத்து வருடத்துக்கு கோலுக்கு நேர் முன்னால் நிற்கும் எங்கள் ஃபுல் ஃபார்வர்டு இவன்தான் என்று எல்லோரும் மனசுக்குள் எழுதி வைத்துவிட்டோம். 2015-இலிருந்து முன்னால் ஆடினார். சில நாட்கள் பிரமாதம், சில நாட்கள் ஆள் மைதானத்தில் இருக்கிறாரா என்றே தேட வேண்டியிருக்கும். இளம் வயது நெடுமரங்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

2018-க்கு கோச் நேதன் பக்லி அவரைத் தடுப்பு வரிசைக்கு அனுப்பினார். அந்த வருடம்தான் ஹேம்ஸ்ட்ரிங் என்ற சொல் மூரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வருவார், ஆடுவார், தொடைக்குப் பின்னால் கையை வைப்பார், வெளியே போவார். சில வாரம் கழித்து மறுபடி வருவார், மறுபடி கை. அந்த சீசனில் பத்து ஆட்டம்கூடத் தேறவில்லை.

அந்தக் கையை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்கு மறக்காது. விழுவதோ, கத்துவதோ, யாரும் இடிப்பதோ கிடையாது. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆள், பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரி நாலைந்து தப்படியில் வேகம் குறைந்து நிற்பான். ஒரு கை தானாகப் பின்தொடைக்குப் போகும். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். தரையைப் பார்த்தபடி எல்லைக்கோட்டை நோக்கி நடப்பான். பிசியோ ஓடி வருவதற்கு முன்பே எண்பதாயிரம் பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். அப்போது அரங்கத்திலிருந்து வரும் சத்தம் அலறல் இல்லை, ஒரு பெருமூச்சு.

எனக்கே அது ஒருமுறை நடந்திருக்கிறது, என் தரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை பூங்கா கிரிக்கெட்டில் இல்லாத இரண்டாவது ரன்னுக்கு ஆசைப்பட்டு ஓடினேன். யாரோ பின்னாலிருந்து தொடையில் கல்லெறிந்த மாதிரி இருந்தது. கோபமாகத் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. அப்புறம் ஆறு வாரம் மாடிப்படி ஏறுவதற்கே யோசனை. பிசியோ ஒரு பயிற்சி கொடுத்தார். முழங்கால் போட்டு நிற்க வேண்டும், ஒருவர் நம் குதிகாலை அழுத்திப் பிடித்துக்கொள்வார், முதுகை வளைக்காமல் மெல்ல, மிக மெல்ல, முன்னால் சாய வேண்டும். நார்டிக் என்று பெயர். ஃபுட்டி கிளப்புகளிலும் கால்பந்து கிளப்புகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். முதல் நாள் பாதி தூரம் சாய்வதற்குள் மூக்கு தரையில் மோதியது. என் குதிகாலைப் பிடித்திருந்த மனைவி சிரித்த சிரிப்பில் பிடியை விட்டுவிட்டாள்.

அந்த ஆறு வாரத்தில் படித்ததைச் சொல்கிறேன், விவாதத்துக்கு அது தேவைப்படும். ஹேம்ஸ்ட்ரிங் என்பது தொடையின் பின்பக்கம் ஓடும் மூன்று தசைகள். இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளையும் தாண்டிப் போகின்றன. முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், வீச்சுக்கு பிரேக் போடுவது இவைதான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். கிழிவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஃபுட்டியின் பெரிய லீக்கான ஏ.எஃப்.எல்.லில் மிக அதிகமாக வரும் காயமும் இதுதான். ஒருமுறை கிழிந்தவருக்கு மறுமுறை கிழிய வாய்ப்பு கூடுதல். இதிலே ஃபுட்டிக்கே உரிய கூத்து ஒன்று உண்டு. முழு வேகத்தில் ஓடிக்கொண்டே குனிந்து தரையிலிருந்து பந்தை எடுக்க வேண்டும். இரண்டு மீட்டர் உயர ஆள் அப்படிக் குனிவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

சரி, விவாதத்துக்கு வருகிறேன்.

பின்னால் போடுவதுதான் நல்லது என்றவர்களின் வாதம் கேட்க எளிமையாக இருந்தது. ஃபார்வர்டு என்றால் நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்பி ஓட வேண்டும். பந்து வராவிட்டால் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். ஒரு மத்தியானத்தில் இப்படி எத்தனையோ தடவை, பாதிக்கு மேல் வீண் ஓட்டம். தடுப்பில் அந்த வெடிப்பு குறைவு, ஆட்டத்தைப் படித்து ஓடலாம், கால் பிழைக்கும். எதிர்க்கட்சி கேட்டது ஒன்றுதான்: கால் பிழைக்கும் என்கிறீர்களே, பின்னால் போன வருடம்தானே கிழிந்துகொண்டே இருக்கிறது? தடுப்பாளன் எப்போது ஓட வேண்டும் என்பதை எதிராளி முடிவு செய்கிறான். அவன் கிளம்பிய பிறகு அரை நொடி தாமதமாகக் கிளம்பி எட்டிப் பிடிக்க வேண்டும். அந்தத் துரத்தல்தான் தொடைக்கு எமன். நான் இந்தக் கட்சி. என் பக்கத்து வீட்டுப் பாட்டியும் இதே கட்சி. எண்பதை நெருங்குபவர், தானே பின்னிய கறுப்பு வெள்ளை மஃப்ளரை வெயில் காலத்திலும் கழற்றாதவர். கோல் போடத் தெரிந்த பையனைக் கொண்டுபோய் வாசல் காவலுக்கு நிறுத்துகிறார்கள் என்பார். பக்லியைப் பற்றி அவர் சொன்ன மற்றதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பழைய கணக்கு ஒன்றையும் எங்கள் கட்சி இழுத்துக்கொண்டது. இதே கிளப்பில் பென் ரீட் இருந்தார். 2010-இல் கோப்பை வென்ற அணியில் தடுப்பாளர், 2011-இல் ஆல்-ஆஸ்திரேலியன், அதாவது அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் அணியில் ஒருவர். அவரைப் பிறகு முன்னாலும் போட்டுப் பார்த்தார்கள். தசைக் காயங்கள் இரண்டு இடத்திலும் அவரை விடவில்லை. எங்கே நிறுத்தினாலும் கிழிவது கிழியும், கிழிகிறவரைக்குமாவது கோல் போடட்டும் என்பது எங்கள் தத்துவம். இப்போது எழுதும்போது கொடூரமாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதனின் காலைப் பற்றி, வாடகைக் காரின் டயரைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தோம்.

2018 கிராண்ட் ஃபைனல் வந்தது. எதிரே வெஸ்ட் கோஸ்ட். மூர் அணியில் இல்லை. பாட்டி வீட்டு டிவியில் பார்த்தேன், ரொட்டியில் சுருட்டிய சாஸேஜும் வெங்காயமும் கையில். முதல் கால்பகுதியில் நாங்கள் எகிறிப் போய்விட்டோம், பாட்டி ஷாம்பெய்ன் எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் ஏறி வந்தார்கள். கடைசி இரண்டு நிமிடம் சொச்சம், நாங்கள் இரண்டே புள்ளி முன்னிலை. பந்தை முன்னால் உதைக்கிறோம். வெஸ்ட் கோஸ்ட்டின் ஜெரமி மெக்கவர்ன் அதைக் குறுக்கே புகுந்து பிடித்தார். அவரிடமிருந்து நேதன் வார்டி, வார்டியிடமிருந்து லியம் ரயன், ரயனிடமிருந்து டாம் ஷீட். வரிசையாக மார்க், மார்க், மார்க். எல்லைக்கோட்டை ஒட்டிய மூலையிலிருந்து ஷீட் உதைத்தார். மெல்பர்னில் கிளிப்பிள்ளைக்கும் தெரிந்த உதை அது. முடிவில் 79-க்கு 74.

எல்லோருக்கும் ஷீட்டின் உதைதான் நினைவு. எனக்கு நாளாக ஆக மெக்கவர்னின் பிடிதான் உறுத்தியது. விலா எலும்பு அடிபட்டு, அந்த வாரம் ஆடுவாரா மாட்டாரா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த ஆள் அவர். ஆரம்பத்தில் முன்வரிசையிலும் ஆடியவர், பின்னால் போன பிறகுதான் அவர் யார் என்று லீக்குக்குத் தெரிந்தது. எதிரணி தன் ஆளுக்கு அனுப்பும் பந்தைக் குறுக்கே புகுந்து பிடிப்பது: இன்டர்செப்ட் மார்க். அவருடைய தொழிலே அதுதான். எங்களைத் தோற்கடித்த கோல் அங்கேதான் பிறந்தது, நாங்கள் காத்த கோலுக்குப் பக்கத்தில் இல்லை. நாங்கள் வருடம் முழுக்கத் திட்டித் தீர்த்த யோசனையை எதிரணிக்காரன் எங்கள் முன்னாலேயே செய்து காட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் மூர் ஆடும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். டிவியில் இது முடியாது, மைதானத்தில் மேல் அடுக்கில் மலிவு டிக்கெட்டில் உட்கார வேண்டும். 2019-இல் அப்படி ஒரு மத்தியானம். பந்து எண்பது மீட்டர் தள்ளி, நடு மைதானத்தில் ஆட்கள் குவியலாகப் புரண்டுகொண்டிருக்கிறார்கள். மூர் தன் எதிராளியின் தோளில் ஒரு கையை லேசாக வைத்துக்கொண்டு நிற்கிறார், பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி. பார்வை மட்டும் குவியலில். அதிலிருந்து ஒருவன் பந்தோடு வெளியே வந்து தலை நிமிர்ந்ததுமே மூரின் கை தோளிலிருந்து எடுபட்டுவிட்டது. உதைப்பதற்கு முன்பே மூன்று தப்படி நகர்ந்துவிட்டார், தன் ஆளை அம்போ என்று விட்டுவிட்டு. பந்து மேலே போய்க் கீழே வரும்போது அது இறங்கும் இடத்தில் அவர் ஏற்கெனவே காற்றில் இருந்தார். எதிராளிகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முன்னால் ஆடிய காலத்தில் இதே கண்ணும் இதே எகிறலும் இருந்தனதான். ஆனால் ஃபார்வர்டு அடுத்தவன் உதையை நம்பிப் பிழைப்பவன். நடுவில் ஒருவன் அவசரத்தில் தாறுமாறாக உதைத்தால் ஃபார்வர்டின் ஓட்டம் வீண். அதே தாறுமாறான உதை தடுப்பாளனுக்கு விருந்து. ஃபுட்டியில் அழகான உதையைவிட அவசர உதைதான் எப்போதும் அதிகம். ஒரு பையனை அதிகம் சாப்பாடு வருகிற பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள், நாங்கள் அவன் செருப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

கால் என்னவோ சரியாகிவிடவில்லை. 2019-இலும் சீசனின் பின்பாதியில் ஹேம்ஸ்ட்ரிங் வந்தது. 2020-இல் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தார். அதற்கும் ஆட்கள் வாய் வைத்தார்கள். கொரோனா வருடம், கால்பகுதி 20 நிமிடத்திலிருந்து 16 ஆகக் குறைந்திருந்தது, அதனால்தான் கால் தாங்கியது என்று. அதே வருடம் நாலைந்து நாள் இடைவெளியில் ஆட்டங்கள் வைத்தார்கள் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். 2021-இல் இன்னும் வேடிக்கை. அணி கோல் அடிக்கத் திணறியபோது பக்லியே அவரைச் சில ஆட்டங்களுக்கு மறுபடி முன்னால் தள்ளினார். ஊர் மறுபடி இரண்டாகப் பிரிந்தது, இந்த முறை கட்சிகள் அப்படியே மாறி! 2018-இல் "முன்னாலேயே விடு" என்றவர்கள் "பின்னாலிருந்து ஏன் எடுத்தாய்" என்று கூப்பாடு போட்டார்கள். என்னையும் சேர்த்துத்தான். அந்த சீசன் நடுவில் பக்லி பதவியை விட்டுப் போனார். மூரின் வருடம் முழங்கால் காயத்தில் முடிந்தது. ஹேம்ஸ்ட்ரிங் நிபுணர்களாக மாறியிருந்த நாங்கள் அன்றிரவே முழங்கால் நிபுணர்களானோம்.

தடுப்பு வரிசை உடம்பைக் காப்பாற்றும் என்ற வாதத்தை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எசெண்டன் கிளப்பின் ஜோ டேனிஹரைப் பாருங்கள். அவரும் அப்பா ஆடிய கிளப்பிலேயே ஆடிய மகன், அவரும் நெடுமரம், அவருக்கு இடுப்புக் கவட்டைக் காயம். 2018, 2019 இரண்டு வருடமும் பெரும்பாலும் வெளியே. அவரை யாரும் பின்னால் அனுப்பவில்லை. பிரிஸ்பேனுக்கு மாறினார், முன்னாலேயே ஆடினார், உடம்பு தேறியது. காயத்துக்கு மருந்து இடம் மாறுவதில் இல்லை, அல்லது எல்லோருக்கும் இல்லை. மூருக்கு மாறியது காலின் தலையெழுத்து இல்லை. கால் நன்றாக இருக்கும் நாட்களில் அவர் என்ன ஆட்டக்காரர் என்பதுதான் மாறியது. எங்கள் இரண்டு கட்சியும் தப்பான கேள்விக்குத்தான் தொண்டை கிழியப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் பாட்டி சொல்லித்தான் தெரிந்தது. அப்பா பீட்டர் மூரும் ஆரம்பத்தில் முன்னால் நின்று கோல் போட்டவராம். பிறகுதான் ரக்மேன் ஆனார், அதாவது நடுவர் மேலே எறியும் பந்துக்கு எகிறுபவர். பிரௌன்லோ வந்தது அந்த வேலைக்கு. அப்பாவுக்கே இடம் மாறித்தான் விடிந்திருக்கிறது. 1981 கிராண்ட் ஃபைனலில் காலிங்வுட்டின் கேப்டன் அவர். கார்ல்டனிடம் தோற்ற பிறகு கொடுத்த இரண்டாம் இடப் பதக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டார். பாட்டி அதை நடித்தே காட்டுவார், சமையலறைக் கரண்டியை வைத்துக்கொண்டு.

2023-இல் டார்சி கேப்டன் ஆனார். ஒன்பது வருடம் கேப்டனாக இருந்த ஸ்காட் பெண்டில்பரி இறங்கி வழிவிட்டார். கோச் இப்போது கிரெய்க் மெக்ரே. வழக்கமான ஆட்டங்கள் முடியும் தறுவாயில், நம்ப மாட்டீர்கள், ஹேம்ஸ்ட்ரிங். ஃபைனல்ஸுக்குள் வந்துவிடுவாரா என்று ஊரே விரலை எண்ணியது. வந்துவிட்டார். மெல்பர்னை 7 புள்ளியில், ஜி.டபிள்யூ.எஸ்.ஸை 1 புள்ளியில், கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேனை 4 புள்ளியில் வென்றோம். மூன்று ஆட்டத்தையும் கூட்டினால் 12 புள்ளி, அதாவது இரண்டே கோல் வித்தியாசம். கடைசி ஆட்டத்தில் பிரிஸ்பேன் 13 கோல், நாங்கள் 12 கோல். அந்த ஆறுதல் பரிசு ஒற்றைப் புள்ளிகள் எங்களிடம் 18, அவர்களிடம் 8. கோல் போடுகிறவனை முன்னால் வைத்தால்தான் கோப்பை என்று ஐந்து வருடம் முன்பு கத்திய வாய், குறைந்த கோல் அடித்து ஜெயித்த அணிக்காகவும் அதே சுருதியில் கத்தியது.

அன்று எதிரணியின் முன்வரிசையில் டேனிஹர், எங்கள் தடுப்பில் மூர். மேடையில் கோப்பையைக் கொண்டுவந்து கேப்டன் கையில் கொடுத்தவர் பீட்டர் மூர். அப்பா கொடுக்க மகன் வாங்கினார். இந்த முறை யாரும் எதையும் தூக்கி எறியவில்லை. நான் அழுதேனா என்று கேட்காதீர்கள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், மஃப்ளரோடு. என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு வேலிக்குப் பக்கத்தில் வந்தார். அந்தப் பையன் பின்னால் ஆட வேண்டியவன் என்று 2018-லேயே நான் சொன்னேன், நீதான் கேட்கவில்லை என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்புறம், ஆமாம், நீங்கள்தான் சொன்னீர்கள் என்றேன். பாட்டி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குழாயைத் திறந்தார்.